படத்தை வைத்துச் சொல்ல இயலாது

பிப்ரவரி 4

சித்திக்கு,

"ஈ ஓட்டுறதுக்குக்கூட இப்ப ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாடி?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஈ ஓட்டவில்லை சித்தி. ஈக்குப் பெயர் எழுதுகிறேன்.

நவம்பர் வரை இந்தத் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டும் தபால் உறை பிரித்துக்கொண்டும்தான் இருந்தேன். ஒரு நாள் எங்கள் மேடத்தின் கணினித் திரையில் மஞ்சளும் கருப்புமாக வரி போட்ட ஒரு பூச்சி. "குளவியை எல்லாம் அனுப்பி உயிரை வாங்குறாங்க" என்று அவர் அந்தப் படத்தை அழிக்கப் போனார். துடைப்பத்தோடு பின்னால் நின்ற நான் "ரெண்டு றெக்கதானே இருக்கு" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் பேசியது நான் என்று தெரிந்தது. குளவிக்கு நான்கு இறக்கை. ஈக்கு இரண்டுதான். மற்ற இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ் இருக்கும். மேடம் நாற்காலியைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் துடைப்பம் வேறு ஒருவர் கைக்குப் போனது.

தோட்டக்காரர்கள் மஞ்சள் பசை அட்டையில் ஒட்டிய ஈக்களைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அது எந்தக் குடும்பம் என்று நான் எழுத வேண்டும். பூவின்மேல் அசையாமல் மிதப்பது சிர்ஃபிடே. முகத்தில் தாடி வைத்து, பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது அசிலிடே. பழத்துக்குள் முட்டை வைக்கும் பழ ஈ, டெஃப்ரிடிடே. இது யாருமே பேசாத பழைய மொழியாம். பட்டம் படித்து வந்த அண்ணன்களுக்கும் நாக்கு சுளுக்குகிறது. நான் எட்டாவதோடு நின்றவள் என்பது அந்த மொழியில் தெரிவதில்லை.

எனக்குப் படிப்பு இல்லாததால் மேடத்தின் அலுவலர் எண்ணைப் போட்டுத்தான் பதிகிறேன். முதலில் மாலையில் சரிபார்ப்பார். இப்போது பார்ப்பதில்லை. யார் தோட்டம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. வேண்டியவர்களுக்குக் கை சாய்ந்துவிடும் என்று பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு அனுப்புவார்கள். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது: "படத்தை வைத்துச் சொல்ல இயலாது". மூன்று மாதமாக அதை நான் ஒரு முறைகூடத் தொடவில்லை. "உனக்குத் தெரியாத ஈயே இல்லையாம்மா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

என் நீல ஸ்வெட்டரை உங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டேன். பழம் பறிக்கும்போது சொல்லுங்கள், வருகிறேன்.

உங்கள் வாயில்லாப்பூச்சி


மார்ச் 11

அடி பூச்சி,

பழம் பறிக்க வரேன்னு எழுதியிருந்தே. இனி வர வேணாம். பறிச்சாச்சு.

போன வாரம் உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் காகிதத்தோட வந்தாங்க. நான் அனுப்பின படத்துல இருக்கிறது பழ ஈயாம். வெளியூர்லேர்ந்து வந்து பரவுற சாதியாம். மரத்துல இருக்கிற காய், பிஞ்சு எல்லாத்தையும் ஏழு நாளுக்குள்ள பறிச்சு ரெண்டடி ஆழத்துல புதைக்கணுமாம். "ஒரு கொய்யாவை வெட்டிப் பாருங்க தம்பி, உள்ள ஒரு புழு இருந்தா என்னைக் கேளுங்க"ன்னேன். வந்தவன், "உத்தரவு வந்தாச்சும்மா, நாங்க வெட்டிப் பாக்க வரல"ங்கிறான். உன் சித்தப்பா அவன் எதிர்லயே ஒரு பழத்தைக் கடிச்சு, மென்னு முழுங்கிட்டு, "புழு இருந்தா இந்நேரம் கூப்பிட்டிருக்கும்"னாரு. அவனுக்குச் சிரிப்பு வரல. எங்களுக்கும் அப்புறம் வரல.

நாப்பத்திரண்டு மரம். கூடை கூடையா குழியில கொட்டுறப்ப அந்த வாசனை இருக்கே, அதைச் சொல்ல மாட்டேன். மூணு நாள் கையைக் கழுவிக் கழுவிப் பாத்தேன். போகல.

இது பத்தாதுன்னு இன்னொண்ணு. ஏப்ரல் இருபதுக்குள்ள வேற பதில் வரலேன்னா மரத்தையும் வெட்டணுமாம். மனு குடுத்தா அந்தப் படத்தை மறுபடி பாப்பாங்களாம். அதே படம், அதே ஆளுங்க. என்னத்தைப் புதுசா பாக்கப் போறாங்க?

நீ அங்கதானே இருக்கே. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். அந்தப் பேரை எழுதின புண்ணியவதி யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. என் படத்தோட எண் 2216. ஆள் யாருன்னு தெரிஞ்சா நேர்ல வந்து நாலு வார்த்தை கேப்பேன். வேற எதுவும் வேணாம்.

உன் அம்மாகிட்ட சொல்லாதே. அவளுக்குத் தூக்கம் கெட்டுடும்.

சித்தி


மார்ச் 16

சித்திக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம். வெயிலும் அதிகம். மேடத்துக்குப் பல் வலி.

நீங்கள் கேட்டதை விசாரித்துச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நூறு படம் வருவதால் யார் எழுதியது என்று உடனே சொல்வது சிரமம்.

அந்த மஞ்சள் அட்டையை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் வெயில் படாமல் வையுங்கள். அதை யாரும் தொட வேண்டாம், தூசி தட்ட வேண்டாம், முக்கியமாக இறக்கையை. காரணம் ஒன்றுமில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

சித்தப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? மரங்களை இப்போதே யாரையும் வெட்டவிட வேண்டாம். இருபதாம் தேதிவரை நேரம் இருக்கிறது.

இதற்கு முன் இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். கையெழுத்து சரியாக வரவில்லை. அதனால்தான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்


மார்ச் 21

அடி பூச்சி,

என்னடி இது, தாசில்தார் எழுதின மாதிரி ஒரு கடிதாசி? "இப்படிக்கு உங்கள் அக்கா மகள்". எனக்கு என்ன பத்து அக்காவா இருக்காங்க? உடம்பு சரியில்லையா? இல்ல, நான் கேட்டது உன் வேலைக்கு ஆபத்தா?

அப்படித்தான் இருக்கும்னு சித்தப்பா சொல்றாரு. "சின்னப் பொண்ணை ஏன் உளவு பாக்கச் சொல்றே, அந்தப் பிள்ளைக்கு 'உஸ்'ஸுன்னாலே உடம்பு நடுங்கும்"னு என்னை ஒரு பிடி பிடிச்சாரு. அவர் சொல்றதும் சரிதான். நீ விசாரிக்க வேணாம், விட்டுடு. நான் வேற வழியில கேட்டுட்டேன். பேர் எழுதுறவங்க எண்ணு உத்தரவுக் காகிதத்துலயே மூலையில இருக்காமே. அது உங்க மேடத்தோட எண்ணுதானாம். நீயும் அந்த எண்ணுலதான் பதியிறேன்னு எழுதியிருந்தே, ஆனா தோட்டத்தையே அழிக்கிற பேரைச் சின்னப் பொண்ணு கையில விடுவாங்களா, அவளேதான் எழுதியிருப்பா. படிச்சவ. கண்ணாடி போட்டவ. ரெண்டு கண்ணு போதாம நாலு கண்ணால பாத்தும் இந்த லட்சணம்.

திங்கக்கிழமை வரேன். மனுவும் குடுக்கப் போறேன், அவ மேல புகாரும் எழுதப் போறேன். நீ பயப்படாதே. நீ என் அக்கா மகள்னு அங்க யாருக்கும் தெரிய வேணாம். உன்னை முன்னப்பின்ன பாத்ததே இல்லாத மாதிரி இருந்துக்கறேன். நீயும் அப்படியே இரு. தலையைத் தூக்கிப் பாத்துடாதே, உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்.

அட்டை பத்திரமா இருக்கு. சித்தப்பா பழைய பிஸ்கட் டப்பாவுல போட்டு, சாட்சி மாதிரி பீரோவுல பூட்டி வெச்சிருக்காரு. நான் தூக்கி எறியச் சொன்னேன். நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேக்கிறதில்ல.

சித்தி


மார்ச் 27

சித்திக்கு,

நீங்கள் சொன்னபடியே நான் தலையைத் தூக்கவில்லை.

உங்கள் செருப்புச் சத்தம் படியில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. மேடத்தின் மேசைமுன் நின்று நீங்கள் பேசியது எல்லாம் கேட்டது. "பேர் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்தியாம்மா? உன் பிள்ளைக்குப் பேர் வெச்சா பத்து பேரைக் கேப்பேல்ல?" என்றீர்கள். மேடம், "நான் எழுதினதுதான்மா, மறுபடி பாக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேசும்போது ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவருக்குத் தெரியும் சித்தி. அன்று எழுதியது யார் என்று தெரியும்.

திரும்பும்போது என் மேசையருகே நின்று, "பாப்பா, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் கையைக் காட்டினேன். போகும்போது ஒரு பையை என் நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனீர்கள். நீல ஸ்வெட்டர். முழங்கையில் கிழிந்திருந்ததை அதே நிற நூலால் தைத்திருக்கிறீர்கள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்த்தேன்.

2216-க்குப் பெயர் எழுதியது நான்தான்.

எண்தான் மேடத்துடையது. எழுதியது என் கை. பிப்ரவரி 26, மதியம் மூன்று மணி இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் படத்தைத் திறந்து பார்த்தேன். அப்போதே உங்களுக்கு உண்மையை எழுதியிருக்க வேண்டும். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று எழுதினேன்.

பழ ஈயின் இறக்கையில் பட்டை பட்டையாக வரி இருக்கும். அது போலவே வரி போட்ட வேறு குடும்பமும் உண்டு. பிளாட்டிஸ்டோமாடிடே என்று பெயர். நாங்கள் சைகை ஈ என்போம், நடக்கும்போது ரயிலுக்குக் கொடி காட்டுவது போல இறக்கையை ஆட்டிக்கொண்டே போகும். அது உதிர்ந்து அழுகியதைத்தான் தேடும், மரத்தில் இருக்கும் பழத்தைத் தொடாது. இரண்டையும் பிரிப்பது ஒரு நரம்பு. இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி மெல்லியதாக ஒரு நரம்பு ஓடும். பழ ஈயில் அது விளிம்பைத் தொடுவதற்கு முன் முழங்கை மாதிரி சட்டென்று மடங்கும். சைகை ஈயில் நேராகச் சாய்ந்து போய்ச் சேரும். உங்கள் படத்தில் அந்த இடத்தில் பசை மின்னியது. ஒரு வெள்ளைப் புள்ளி. நரம்பு மடங்குகிறதா, நேராகப் போகிறதா என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசிக் கட்டத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன்.

வகுப்பில் என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். "தெரியலை டீச்சர்" என்றதும் டீச்சர் என்னைப் பெஞ்சுமேல் நிற்கச் சொன்னார். மறுநாளும் அதே கேள்வி, மறுநாளும் அதே பெஞ்சு. பிள்ளைகள் என்னை "தெரியலை" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயருக்கு முன்னாலேயே யாராவது ஒருத்தி "தெரியலை" என்று சொல்வாள். நான் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத நாளில் நீங்கள்தான் அம்மாவிடம், "விடுக்கா, போகாட்டி போறா, பிள்ளை பிழைச்சுக் கிடந்தா போதும்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையை இந்த அலுவலகத்தில் யாரும் என்னிடமிருந்து கேட்கக்கூடாது என்று இருந்தேன். மூவாயிரத்துச் சொச்சம் படம். ஒன்றில்கூட எழுதவில்லை. அன்றைக்கு எழுதியிருந்தால் ஈயைப் பிடித்து அனுப்பச் சொல்லி உங்களுக்கு ஒரு சீட்டு வந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் அட்டையைப் பிடித்திருக்கும் உங்கள் கட்டைவிரல். நகத்தின் நடுவில் ஒரு பிளவு, கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரி பட்டு வந்தது. அது எப்போது பட்டது என்றுகூட எனக்குத் தெரியும், நான்தான் துணி கிழித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த விரல் என் கண்ணில் படவே இல்லை. நான் ஈயை மட்டும்தான் பார்த்தேன்.

இன்று காலை மேடத்திடம் சொல்லிவிட்டேன். நீங்கள் யார் என்பதையும் சொன்னேன். வாயால் அல்ல, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எண்ணு என்னோடது. அதை உங்கிட்ட குடுத்ததும் நான்தான். மூவாயிரம் படத்துல ஒண்ணுக்குக்கூடத் தெரியலைன்னு போடாதவளை நான் எப்பவோ கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அட்டையை மேடத்தின் பெயருக்கு உடனே அனுப்புங்கள். டப்பாவோடு அனுப்புங்கள். நரம்பைப் பார்த்தால் மரங்களையாவது காப்பாற்றலாம். அது பழ ஈயாகவே இருந்தாலும் எழுதிய அன்று எனக்குத் தெரியாது என்பது மாறாது.

புகாரில் மேடத்தின் பெயர் வேண்டாம். என்னைப் பற்றி எழுதுங்கள். என் முழுப் பெயரும் உங்களுக்குத் தெரியுமே.

ஸ்வெட்டரை நான் போட்டுக்கொள்ளவில்லை.

நான்


ஏப்ரல் 9

சித்திக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. உறையில் சித்தப்பாவின் கையெழுத்து இருந்தது. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று மூடியைக்கூடத் தட்டிப் பார்த்தேன். இல்லை.

மேடம் அட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு என்னைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். நரம்பு மடங்கவில்லை. நேராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சைகை ஈ. நான்கு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மரம் வெட்டும் உத்தரவை நேற்று ரத்து செய்துவிட்டார்கள். பதிவுத் தபாலில் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

குழியில் போட்டதெல்லாம் நல்ல பழம்தான். அதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மேடத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வராது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் மறுபடி தபால் உறை பிரிக்கிறேன். நான் பெயர் எழுதிய படங்களை எல்லாம் அண்ணன்கள் திரும்பப் பார்க்கிறார்கள். இதுவரை பதினோரு பிழை. ஒவ்வொரு பிழைக்கும் என் மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் கிண்டல் செய்வதில்லை. அதுதான் தாங்கவில்லை. பதினொன்றில் யார் வீட்டிலும் குழி வெட்ட வேண்டி வரவில்லை என்று மேடம் சொன்னார். இன்னும் இரண்டாயிரம் படம் பாக்கி இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். தெரியப்படுத்தத்தான் எழுதினேன்.

நான்


ஜூன் 2

பூச்சிக்கு,

ரெண்டு மாசமா உனக்கு எழுதுறதும் கிழிக்கிறதுமா இருக்கேன். சித்தப்பா சொல்றாரு, "கிழிச்ச காகிதத்தைப் புதைக்க இன்னொரு குழி வெட்டணும் போல"ன்னு. அவருக்கு எல்லாமே விளையாட்டு.

உன்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு காகிதத்துல எழுதினேன். படிச்சுப் பாத்தா பொய் மாதிரி இருந்துச்சு, கிழிச்சேன். உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு இன்னொண்ணுல எழுதினேன். அதுவும் பொய்தான். அதையும் கிழிச்சேன். அதனால இருக்கிறதை எழுதறேன்.

பேரைத் தப்பா எழுதினது கூட எனக்குப் பெருசில்ல பூச்சி. ஆள் தப்பு பண்ணாம இருக்க முடியுமா? நானே ஒரு வருஷம் உப்புன்னு நெனச்சு உரத்தை அள்ளி ஊறுகாயில போடப் போனவ. ஆனா நான் குழியை மூடிட்டு வந்து, கைநாத்தம் போகாம உக்காந்து, உன்னைத்தான் நம்பி எழுதினேன். நீ "விசாரித்துச் சொல்கிறேன்"னு பதில் போட்டே பாரு. அது இன்னும் உள்ள குத்திக்கிட்டே இருக்கு. அது எப்பப் போகும்னு கேக்காதே. எனக்கே தெரியாது.

அந்த மேடத்துக்கு ஒரு கடிதாசி போட்டேன். "உன் பிள்ளைக்குப் பேர் வெச்சா"ன்னு அவங்க முன்னால பேசினேன்ல, அதுக்கு மன்னிப்பு கேட்டு. அவங்களுக்குப் பிள்ளையே இல்லையாம், பதில்ல எழுதியிருந்தாங்க. கோபமில்லாமதான் எழுதியிருந்தாங்க. படிச்சுட்டு ராத்திரி சோறு இறங்கல. உனக்கு மட்டும்தான் வெக்கமா இருக்குன்னு நெனச்சுக்காதே.

உன் அம்மாகிட்ட நான் சொல்லல. நீ சொல்லணும்னா நீயே சொல்லு.

மரம் நாப்பத்திரண்டும் நிக்குது. கீழ்வரிசை துளிர்த்திருக்கு. குழி இருக்கிற பக்கம் நான் போறதில்ல. சித்தப்பாதான் போறாரு.

நேத்து துளிர்மேல இது உக்காந்திருந்துச்சு. படம் எடுத்துக் கடைக்காரன்கிட்ட குடுத்து அச்சுப் போட்டு இதோட வெச்சிருக்கேன். ஆபீசுக்கு அனுப்பல. உனக்குத்தான். என்ன குடும்பம்னு எழுது.

ஸ்வெட்டரைப் போட்டுக்கோ. தைச்சது வீணாப் போகும்.

சித்தி


ஜூன் 7

சித்திக்கு,

படத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். உருப்பெருக்கியாலும் பார்த்தேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். இங்கே மழை. அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை.

ஈயின் குடும்பம்: படத்தை வைத்துச் சொல்ல இயலாது.

காரணம்: இறக்கையின் முன்விளிம்பு இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. நரம்பு தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை, சித்தி. ஈயைப் பிடிக்க முடிந்தால் சின்ன டப்பாவில் போட்டு அனுப்புங்கள்.

இலையைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் யாருடையது என்று தெரியும். உறையைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

பூச்சி